காத்திருப்பின் விலை

சாலை விபத்துச் செய்திகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்பில் இடம்பெறும். காயமடைந்தவர்களோ 'மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர்' என்ற கடைசி வரியோடு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுவர். ஆனால், குடும்பப் பொருளாதாரம் என்ற கோணத்தில் பார்த்தால், அந்தக் கடைசி வரியில்தான் நெடிய துயரம் தொடங்குகிறது. பிழைத்தவருக்கு மருத்துவச் செலவு உண்டு. அவரைக் கவனிக்க இன்னொருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அவருடைய வருமானம் நின்றுபோகும். கடன் மட்டும் வளரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். அந்த ஆண்டில் மிக அதிகமாக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள். இந்த எண்களுக்குப் பின்னால், இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டிய லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் ராதாபுரத்தில் வசிக்கிறேன். படித்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஊரார் என்னிடம் கொண்டுவரும் காகிதங்களில், அண்மைக் காலமாக விபத்து வழக்குகள் தொடர்பானவையே அதிகம். அதில் வியப்பில்லை. எங்கள் வட்டத்தின் வழியே வள்ளியூர், பணகுடி எனக் கன்னியாகுமரி நோக்கி நான்கு வழிச் சாலை செல்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், காற்றாலைகள், கல் குவாரிகள் என்று தொழில்கள் பெருகின. அவற்றோடு கனரக வாகனங்களும் பெருகின. சாலையைக் கடக்கும் ஆடு மேய்ப்பவரும் பனங்கருப்பட்டி விற்கச் செல்பவரும் அதே பழைய வேகத்தில்தான் நடக்கிறார்கள். திருநெல்வேலியின் விளிம்பிலுள்ள கே.டி.சி. நகரிலும் இதே நிலைதான். எங்கள் ஊர் இளைஞர்கள் வேலை தேடிச் சென்று தங்கியிருக்கும் தாம்பரம், ஆவடி போன்ற புறநகர் மாநகராட்சிகளிலும் இதே நிலைதான். நகரம் வளரும் வேகத்துக்கு நடைபாதையும் தெருவிளக்கும் வளர்வதில்லை.

இந்தக் காகிதங்களைப் படித்துப் படித்து நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. காயமடைந்தவருக்கு இழப்பீடு தருவதில் நம் சட்டம் கஞ்சத்தனம் காட்டவில்லை. அந்த இழப்பீடு முழுமையாகக் கிடைப்பதும் கிடைக்காததும், காயமடைந்தவரால் எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆவது பிரிவின்படி, விபத்தில் காயமடைந்தவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த இடத்தில்தான் மனு செய்ய வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். தாம்பரத்தில் அடிபட்ட ராதாபுரத்து இளைஞர், வழக்குக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் செங்கல்பட்டுக்கு ரயிலேற வேண்டியதில்லை. நெல்லைச் சீமையிலேயே வழக்கு நடத்தலாம். இந்த ஒரு செய்தி தெரியாமல் வழக்கையே கைவிட்டவர்கள் உண்டு.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவதற்குத் தெளிவான சூத்திரமும் இருக்கிறது. 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கு எண்களை வரையறுத்தது. 21 முதல் 25 வயது வரை 18; 31 முதல் 35 வரை 16; 46 முதல் 50 வரை 13; 61 முதல் 65 வரை 7 என்று அது இறங்கிச் செல்கிறது. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில், எதிர்கால வருவாய் உயர்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு வகுத்துரைத்தது. சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு வருமானத்தில் 40 சதவீதத்தைக் கூட்ட வேண்டும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். 34 வயதுக் கொத்தனார் ஒருவர். மாத வருமானம் 15,000 ரூபாய். எதிர்கால உயர்வு 40 சதவீதத்தைச் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. பெருக்கு எண் 16. அவரது உழைப்பின் மொத்த மதிப்பு 40,32,000 ரூபாய். இப்போது அவர் காலில் நிரந்தர ஊனம் ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்றளிக்கிறது. அப்படியானால் வருவாய் இழப்பு 16,12,800 ரூபாயா?

இங்குதான் 2010-இல் உச்ச நீதிமன்றம் அளித்த இன்னொரு தீர்ப்பு துணைக்கு வருகிறது. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று அத்தீர்ப்பு விளக்கியது. ஒரு கையை இழந்தவர் எழுத்தர் என்றால் அவர் வேலையில் நீடிக்கக்கூடும். அவரே ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு முழுவதும் போய்விடும். நம் கொத்தனாரால் இனிச் சாரம் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தளம் போட முடியாது என்று நிரூபிக்கப்பட்டு, திறன் இழப்பு 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால், தொகை 32,25,600 ரூபாய் ஆகிறது. மருத்துவச் செலவு, வலி, வேதனை, உடனிருந்து கவனிப்பவருக்கான செலவு ஆகியவை இதற்கு மேல்.

எதையும் நிரூபிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு தொகை என்று கணக்கிட்டு முடிக்கும் வழக்கமும் நம் மாநிலத்தில் உண்டு. சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று கொண்டால், அதே கொத்தனாருக்கு அந்தத் தலைப்பில் கிடைப்பது 2 லட்சம். ஒரே கால், ஒரே விபத்து, ஒரே சட்டம். ஒரு புறம் 2 லட்சம். மறுபுறம் 32 லட்சம். இடையிலுள்ள 30 லட்சத்தைத் தீர்மானிப்பவை சில காகிதங்களும் சில சாட்சிகளும்தான்.

ஆனால், அந்தக் காகிதங்களைச் சேர்க்க வேண்டிய நாள்களில் காயமடைந்தவர் கட்டிலில் கிடக்கிறார். எங்கள் பகுதியில் அடிபட்டவரை ஆசாரிப்பள்ளத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ கொண்டுசெல்வார்கள். குடும்பத்தினர் ரத்தத்துக்கும் மருந்துக்கும் அலைந்துகொண்டிருக்கும்போதே வராந்தாவில் ஒருவர் அறிமுகமாவார். 'வழக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம்' என்பார். என் பழைய மாணவர் ஒருவரின் தந்தைக்கு மூன்றாம் நாளே இப்படி ஒருவர் வாய்த்தார். எழுதப்படாத காகிதங்கள் நான்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தீர்ப்புத் தொகையில் பங்கு என்பது வாய்மொழி ஒப்பந்தம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்குரைஞர் குழுமத்தின் விதிகள் தடை செய்கின்றன என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. நேர்மையான வழக்குரைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வராந்தாவில் ஆள் பிடிக்கத் தேவையில்லை.

அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வழக்காடுபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நீதிமன்றம் வருபவர் ஒரு வகை; அதையே அன்றாடப் பணியாகச் செய்யும் நிறுவனம் இன்னொரு வகை. காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த வழக்கு ஆயிரத்தில் ஒன்று. அதில் தோற்றாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம், தாமதமானாலும் இழப்பில்லை. காயமடைந்தவருக்கோ அது ஒன்றுதான் வழக்கு. இருவரும் ஒரே தராசில் நிற்கிறார்கள். ஆனால், ஒருவர் கையில்தான் எடைக்கல் இருக்கிறது.

தாமதத்தின் அளவு சிறியதன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட பதில் ஒன்றின்படி, 2022-23 நிதியாண்டின் முடிவில் நாட்டில் 10,46,163 விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகள் நிலுவையில் இருந்தன. அவற்றின் மதிப்பு 80,455 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 7.7 லட்சம்.

தாமதத்துக்கு வட்டி தரப்படுகிறதே என்று கேட்கலாம். தரப்படுகிறது. நம் தீர்ப்பாயங்கள் மனுச் செய்த நாளிலிருந்து பெரும்பாலும் 7.5 சதவீதத் தனிவட்டி வழங்குகின்றன. 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு ஆண்டுக்கு 37,500 ரூபாய். அதே காலத்தில் அந்தக் குடும்பம் மருத்துவத்துக்காக ஊரில் ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 36,000 ரூபாய். அதாவது, நீதிமன்றம் ஐந்து லட்சத்துக்குத் தரும் வட்டி, ஊரில் வாங்கிய ஒரு லட்சத்தின் வட்டிக்கே சரியாகப் போய்விடுகிறது. சட்டத்தின் கடிகாரமும் கடன்காரரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஏழைக்கு எதிர்காலத்தின் மதிப்பு குறைவு என்று பொருளியலில் சொல்வோம். அது அவருடைய குணம் அன்று, அவருடைய கடன் பத்திரம் விதித்த நிர்பந்தம்.

இந்த நிர்பந்தத்தை 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இன்னும் கூர்மையாக்கியது. முன்பு 140-ஆவது பிரிவின்கீழ், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இடைக்கால நிவாரணம் பெறலாம்; உயிரிழப்புக்கு 50,000, நிரந்தர ஊனத்துக்கு 25,000 ரூபாய். சிறிய தொகைதான்; ஆனால், அதைப் பெற்றுக்கொண்டு முழு இழப்பீட்டுக்கும் வழக்கு நடத்தலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அப்பிரிவு இல்லை. புதிய 164-ஆவது பிரிவின்படி, தவறை நிரூபிக்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கிடைக்கும். கேட்கத் தாராளமாகத் தோன்றும். ஆனால், அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆவது பிரிவின்கீழ் தொடுத்த மனு காலாவதியாகிவிடும். மேலே கணக்கிட்ட கொத்தனார், கடன் நெருக்கடியில் 2.5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டால், மீதித் தொகைக்கான கதவை அவரே சாத்திக்கொள்கிறார்.

மக்கள் நீதிமன்றத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே வழக்கு விரைவாக முடியும், இருதரப்பும் ஒப்புக்கொண்ட தொகை சீக்கிரம் வரும், அலைச்சல் மிச்சம். ஆனால், அந்தத் தீர்வே இறுதி, மேல்முறையீடு கிடையாது. விரைவுக்காகத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது அறிவார்ந்த முடிவாகவும் இருக்கலாம். எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மனு செய்யும் காலக்கெடுவும் கவனிக்கத்தக்கது. 1988 சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. அது ஏழைகளைப் பாதிக்கிறது என்று 1994-இல் நீக்கப்பட்டது. 2019 திருத்தம் அதே ஆறு மாதத்தை மீண்டும் கொண்டுவந்தது. இதனை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் கடத்துவது உசிதமன்று. ஆறு மாதத்துக்குள் மனு செய்துவிடுவதே பாதுகாப்பு.

வீட்டை நிர்வகிக்கும் பெண்கள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 'அம்மாவுக்கு வருமானம் இல்லையே, என்ன கேட்க முடியும்?' என்று மகன்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமற்ற அந்த வேலைக்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் இந்தப் புள்ளிவிவரத்தையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு கணக்கிடப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. தேசிய வருமானக் கணக்கில் இன்னும் இடம்பெறாத ஓர் உழைப்பு, விபத்துத் தீர்ப்பாயத்தில் இடம்பெற்றுவிட்டது. அதைக் கேட்டுப் பெறுவதுதான் நம் வேலை.

ஆகவே, காயமடைந்தவரின் குடும்பம் செய்ய வேண்டியது என்ன? அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மருந்துக் கடை ரசீதுகள், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். மருத்துவமனைக்குச் சென்ற ஆட்டோ வாடகைக்கும் சீட்டு வாங்க வேண்டும். செய்த தொழிலுக்குச் சான்று தேட வேண்டும்: மேஸ்திரியின் கூலிக் குறிப்பேடு, தொழிலாளர் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கில் விழுந்த தொகைகள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருமானமே இல்லை என்று நீதிமன்றம் கருதுவதில்லை. காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், ஆவணம் இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் வருமானத்தையும் 85 சதவீதத் திறன் இழப்பையும் 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

எழுதப்படாத காகிதத்தில் கையெழுத்திடவே கூடாது. பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய், அதைக் கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் உள்ளது. அதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

தனிமனிதர் விழிப்பு மட்டும் போதாது. அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. சிகிச்சையைப் பொறுத்தவரை தமிழ்நாடு வழிகாட்டியிருக்கிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல் ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. உயிரைக் காக்க 48 மணி நேரத்தை எண்ணிய நாம், பிழைத்தவரின் பிழைப்பைக் காக்க ஆண்டுக்கணக்கை எண்ணிக்கொண்டிருக்கலாமா?

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல் துறை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாள்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. அதைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் விரிவான வழிகாட்டுதல்களை அளித்தது. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக ஏற்கவும் சட்டம் இடமளிக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களும் இதை முழுமையாகச் செய்தால், வராந்தாவில் ஆள் பிடிப்பவருக்கு வேலையே இருக்காது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை அறிக்கைகள் உரிய காலத்தில் சென்றன என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டாவதாக, முழு இழப்பீட்டுக்கான உரிமையைப் பறிக்காத இடைக்கால உதவித்தொகை வேண்டும். நியூசிலாந்து 1974 முதல், விபத்தில் காயமடைந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு, யார் மீது தவறு என்று ஆராயாமல், வருமானத்தின் 80 சதவீதத்தை வாரந்தோறும் வழங்கிவருகிறது. நம் நிதிநிலைக்கு அது முழுவதும் பொருந்தாமல் போகலாம். ஆனால், இறுதியில் தரப்போகும் தொகையிலிருந்தே ஒரு பகுதியை மாதந்தோறும் முன்கூட்டித் தருவதால் யாருக்கும் கூடுதல் செலவில்லை. கடன் வட்டி மட்டும் குறையும்.

மூன்றாவதாக, அரசே முன்மாதிரியாக இருக்க வேண்டும். இழப்பீடு கட்டாததால் அரசுப் பேருந்தை அமீனா ஜப்தி செய்து, பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டுக் கொண்டுபோகும் காட்சி நம் ஊர்களில் புதியதன்று. தீர்ப்பான தொகையைக் கூட ஜப்தி வந்தால்தான் கட்டுவது என்றால், தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் நாம் எந்த முகத்தோடு நியாயம் கேட்பது?

இழப்பீடு என்பது தர்மம் அன்று. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்தின் உரிமையாளரும் கட்ட வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்திலிருந்து வருவது அது; முன்கூட்டியே வசூலிக்கப்பட்ட பணம். உரியவரிடம் அது சேரும் வரை வேறொருவரிடம் இருக்கிறது. வைத்திருப்பவருக்குத் தாமதம் லாபமாகவும், பெற வேண்டியவருக்குத் தாமதம் நஷ்டமாகவும் இருக்கும் வரை, எத்தனை நல்ல தீர்ப்புகள் வந்தாலும் பயன் குறைவுதான். தாமதத்தின் விலையைத் தாமதிப்பவர் கட்டும்படி விதிகளை மாற்றினால், வழக்குகள் தாமாகவே விரைந்து முடியும்.